பாய்த்துணியும் பூசணமும்

போன ஆடி மாதம் மகன் குடும்பத்தோடு ஆலப்புழை போயிருந்தேன். மழைக்காலத்தில் படகுவீட்டு வாடகை குறைவு என்று மகன் கண்டுபிடித்திருந்தான். ஏன் குறைவு என்பது படகுக்குள் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மெத்தை, திரைச்சீலை, மேல்தளத்து நாற்காலித் திண்டு எல்லாவற்றிலும் ஒரே வாசனை. ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்து நாலு நாள் மறந்துபோனால் வருமே, அதே வாசனை. மேல்தளத்துக்கு நிழல் தரும் கூரைத்துணியின் உட்புறம் முழுக்க, மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள்.

படகுக்காரர் சங்கடப்பட்டார். "மழை ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் மூடிப் போட்டிருந்தோம் சார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சும் பார்த்தோம். போகலை" என்றார்.

பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் கூரைத்துணியின் ஓரத்தை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். "ச்சீ, தாத்தா!" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாசனையோடு மல்லுக்கு நின்றுதான் அவளுடைய தாத்தா பல வருடம் சம்பளம் வாங்கினார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

கோவையில் கேன்வாஸ் நெய்யும் ஒரு மில்லில், பிராசஸிங் பிரிவில் எனக்கு வேலை. லாரித் தார்ப்பாய், கூடாரத்துணி, படகை மூடும் துணி எல்லாம் அங்கே தயாராகும். எங்களுக்குப் பரம எதிரி பூசணம். அன்று இரவு படகில் தூக்கம் வரவில்லை. இந்த எதிரியோடு மனிதர்கள் நடத்திய நெடுங்காலச் சண்டையை அசைபோட்டபடி படுத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதிரி யார் என்று பார்ப்போம். பூசணம் என்பது ஒரே ஓர் உயிர் அல்ல. பலவகைப் பூஞ்சைகளுக்கு நாம் வைத்த பொதுப்பெயர். இவற்றின் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. 1729-இல் இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலி, பூஞ்சை தானாக முளைப்பதில்லை, வித்திலிருந்தே வளர்கிறது என்பதைச் சோதனை செய்து காட்டினார். வித்து துணிமேல் விழுவதை யாராலும் தடுக்க முடியாது. அது முளைக்க ஈரமும், மிதமான சூடும், கொஞ்சம் தீனியும் வேண்டும். பருத்தியும் சணலும் லினனும் செல்லுலோஸால் ஆனவை. பூஞ்சை ஒரு நொதியைச் சுரந்து செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைத்து உறிஞ்சிக்கொள்ளும். அதாவது துணியே அதற்குச் சாப்பாடு. கரும்புள்ளி வெறும் அழுக்காக மட்டும் இருந்தால் பரவாயில்லை. நூல் இற்றுப்போவதுதான் உண்மையான நஷ்டம்.

இந்த நஷ்டம் பாய்மரக் காலத்தில் உயிர் போகிற விஷயம். பாய்தான் அன்றைய எஞ்சின். நடுக்கடலில் புயல் அடிக்கும்போது இற்றுப்போன பாய் கிழிந்தால் கப்பல் கரைக்கு வருவது நிச்சயமில்லை. ஐரோப்பியக் கப்பல்களின் பாய்கள் லினனாலும் கஞ்சா வகைச் செடியின் நாராலும் நெய்யப்பட்டவை. 'கேன்வாஸ்' என்ற சொல்லே 'கன்னாபிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். மழையில் நனைந்த பாயைச் சுருட்டிக் கட்டி வைத்தால் சில நாளிலேயே பூசணம் பிடித்துவிடும். அதனால் மழை விட்டதும் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் பாய்களைத் தளர்த்தித் தொங்கவிட்டு உலர்த்துவது போர்க்கப்பல்களில்கூட வழக்கமான வேலையாக இருந்தது. கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு அழகான காட்சி. மாலுமிகளுக்கு நம் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும் வேலைதான்!

1851-இல் 'அமெரிக்கா' என்ற பாய்க்கப்பல் இங்கிலாந்துக்குப் போய், வைட் தீவைச் சுற்றி நடந்த போட்டியில் உள்ளூர்க் கப்பல்களைத் தோற்கடித்தது. அதன் பாய்கள் இயந்திரத்தில் இறுக்கமாக நெய்த பருத்தி. எதிரிகளின் பாய்கள் லினன். பருத்திப்பாய் வடிவம் கெடாமல் காற்றைப் பிடிக்கும் என்பதைப் பார்த்து உல்லாசப் படகுக்காரர்கள் பருத்திக்கு மாறினார்கள். வேகம் கிடைத்தது, பூசணம் போகவில்லை.

மீனவர்களுக்குப் பாயை அடிக்கடி மாற்றப் பணம் கிடையாது. அவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள், மரப்பட்டைக் கஷாயம். ஓக் மரப்பட்டையைப் பெரிய செப்புக் கொப்பரையில் கொதிக்கவைத்து, அதில் பாயையும் வலையையும் முக்கி எடுப்பார்கள். தோல் பதனிட உதவும் அதே டானின் சத்து, பூஞ்சைக்கு ஆகாது. இங்கிலாந்து மீன்பிடிப் படகுகளின் பழைய படங்களில் பாய்கள் செம்பழுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்குப் போட்ட சாயம் அல்ல, மருந்து.

19-ஆம் நூற்றாண்டில் ஓக் பட்டையின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது 'கட்ச்' என்ற சரக்கு. பர்மாக் காடுகளில் வளரும் ஒருவகைக் கருங்காலி மரத்தின் வைரக்கட்டையைச் செதுக்கி, கொதிக்கவைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக்குவார்கள். அது கப்பலேறி இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கடற்கரைக் கிராமங்களுக்குப் போனது. இந்தக் 'கட்ச்' என்ன என்று யோசிக்கிறீர்களா? நம் பாட்டிகள் வெற்றிலையோடு போட்டு மென்ற காசுக்கட்டிதான் அது! யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, 'கட்ச்' என்ற வணிகப்பெயர் தமிழ் 'காசு', கன்னடம் 'காச்சு' போன்ற தெற்கத்தி வடிவங்களிலிருந்தே வந்தது என்கிறது. என் பாட்டியின் நாக்கைச் சிவக்கவைத்த பொருளே வடகடல் மீனவரின் பாயையும் சிவக்கவைத்திருக்கிறது.

நம் பக்கத்திலும் இந்த அறிவு இருந்தது. கேரளத்திலும் வங்காளத்திலும் பனிச்சங்காய்ச் சாற்றைப் படகுப் பலகைக்கும் பருத்தி வலைக்கும் பூசினார்கள். தும்பிலிக்காய் என்றும் நம்மூரில் சொல்வார்கள். துவர்ப்பு நிறைந்த காய். சுற்றிவளைத்துப் பார்த்தால் எல்லா ஊர் மீனவனும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறான்: நாக்கைத் துவர்க்கவைப்பது எதுவோ, அது பூசணத்தையும் விரட்டும். ஆனால் கஷாயம் கடல்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். வருடத்தில் சில தடவை திரும்பத் திரும்பக் கொப்பரையை ஏற்ற வேண்டும்.

கடற்படைகளுக்கு இந்தப் பொறுமை இல்லை. ஒருமுறை போட்டால் போதும் என்ற மருந்து அவர்களுக்கு வேண்டியிருந்தது. இங்கேதான் கதை கஷாயத்தை விட்டு விஷத்துக்கு மாறுகிறது. 1832-இல் ஜான் ஹோவர்ட் கயன் என்பவர் காப்புரிமை பெற்ற முறையில், மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் மரத்தை ஊறவைத்தார்கள். கேன்வாஸுக்கும் கயிற்றுக்கும் அதையே சொன்னார்கள். மறு வருடமே மைக்கேல் ஃபாரடே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இதைப் பற்றி உரையாற்றும் அளவுக்குப் பரபரப்பு. மெர்க்குரிக் குளோரைடு என்பது நம் வைத்தியர்கள் 'சவ்வீரம்' என்று பயந்து பயந்து கையாண்ட கொடிய நஞ்சு. பிறகு 1838-இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவத் துறையின் தலைவரான சர் வில்லியம் பர்னெட், துத்தநாகக் குளோரைடு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நஞ்சு சற்றுக் குறைவு. ஆனால் நீரில் சுலபமாகக் கரைந்து வெளியேறிவிடும். அந்த நூற்றாண்டின் கடைசியில் லண்டனுக்குப் பக்கத்து வில்லஸ்டனில், தாமிர-அம்மோனியாக் கரைசலில் கேன்வாஸை ஓட்டி எடுத்தார்கள். நூலின் மேற்பரப்பு லேசாகக் கரைந்து, தாமிரத்தோடு சேர்ந்து படிந்துவிடும். துணி பச்சையாக இருக்கும். கூடாரத்துணி என்றால் பச்சை என்று நம் மனதில் பதிந்திருப்பதற்கு அந்தத் தாமிரமும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை தென்பசிபிக் தீவுகளுக்குப் போனபோது பூசணம் தன் முழு பலத்தையும் காட்டியது. ஓயாத மழை, புழுக்கம். கூடாரம், மூட்டைத்துணி, பெல்ட், பூட்ஸ் எல்லாம் எதிரியின் குண்டுக்கு முன்பே மட்கிப்போயின. என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கப் படையின் தளவாடப் பிரிவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அமைத்து, மட்கிய பொருள்களிலிருந்து ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சேகரித்தது. சாலமன் தீவுக்கூட்டத்தின் போகன்வில் தீவில், மட்கிய பருத்திக் கேன்வாஸிலிருந்து எடுத்த ஒன்றுக்கு 'கியூஎம் 6ஏ' என்று எண் போட்டார்கள். பருத்தியைத் தின்பதில் அசகாயசூரன் அது.

எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானி அதையே பிடித்துக்கொண்டார். மேரி மண்டல்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் சேர்ந்தார். எப்படிக் கொல்வது என்று ஆரம்பித்த ஆராய்ச்சி, இது எப்படித் தின்கிறது என்ற கேள்விக்கு நகர்ந்தது. அந்த நொதியைத் தனியே பிரித்தெடுத்தால் வீணாகும் காகிதத்தையும் வைக்கோலையும் சர்க்கரையாக்கலாமே என்று யோசித்தார்கள். 1977-இல் அந்தப் பூஞ்சைக்கு ரீஸைக் கௌரவிக்கும் விதமாக 'டிரைக்கோடெர்மா ரீசி' என்று பெயர் வைத்தார்கள். தொழிற்சாலைகளில் இன்று வளர்க்கப்படும் அதன் வகைகள் எல்லாம் போகன்வில் கூடாரத்துணியில் கிடைத்த அந்த ஒன்றின் வாரிசுகள்.

திருப்பூர் நண்பர்களுக்கு இது நேரடி உறவு. பனியன் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தின்று வழவழப்பாக்கும் 'பயோ வாஷ்' இருக்கிறதே, அதில் ஊற்றும் அமில செல்லுலேஸ் பெரும்பாலும் இந்தப் பூஞ்சை தருவதுதான். சிப்பாயின் கூடாரத்தைத் தின்றவனை நாம் கூலிக்கு வைத்து, அளவாகத் தின்னச் சொல்கிறோம்.

இனி என் பங்குக்கு வருகிறேன். இதை இதுவரை நான் எழுதியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. படகுகளை மூடுவதற்காக நாங்கள் அனுப்பிய கேன்வாஸ் ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்தது. பேலைப் பிரித்ததும் குடோன் முழுக்க அந்த வாசனை. மடிப்புக்கு மடிப்பு கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுகள். காரணம் எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பாவு நூலுக்கு நெசவுக்கு முன் மாவுக் கஞ்சி போடுவோம். மருந்து ஏற்றுமுன் அந்தக் கஞ்சியை முழுக்க நீக்க வேண்டும். கஞ்சி மிச்சமிருந்தால் பூஞ்சைக்கு இலை போட்டுப் பரிமாறிய மாதிரி. அவசர ஆர்டர் என்று ஒரு கழுவலைக் குறைத்திருந்தார்கள். சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.

நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது, கழுவலைச் சரிசெய்யச் சொல்வது. அதற்குத் தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும், என் தவற்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். மேலிடம் கேட்டது சுலபமான வழி. நானும் அதையே கொடுத்தேன்: மருந்தின் அளவைக் கூட்டி எழுதினேன். அந்தக் காலத்தில் உலகெங்கும் துணிக்கும் மரத்துக்கும் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனால்தான் எங்கள் மருந்திலும் இருந்தது.

தொட்டியில் அதைக் கலக்கிய அண்ணனுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். கையுறை கிடையாது, கண்ணாடி கிடையாது. வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார். மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், மருந்து இப்போ ரொம்பக் காரமா இருக்குதுங்க. கண்ணு கரிக்குது, தும்மல் நிக்க மாட்டேங்குது. கையப் பாருங்க."

முழங்கை வரை சிவந்து, தோல் உரிந்திருந்தது.

"தேங்காயெண்ணெய் தடவுங்கண்ணா, சரியாயிரும்" என்றேன்.

"சரிங்க சார்" என்று போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியது என்பது நான் படித்த புத்தகத்திலேயே இருந்தது. கையுறை வாங்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருக்கலாம். புதிதாக வந்தவன், ஏற்கெனவே ஒரு லாட்டில் மாட்டிக்கொண்டவன், வாயைத் திறக்க பயம். அடுத்த லாட் திரும்பி வரவில்லை. எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. அந்த அண்ணன் சில மாதத்தில் குடோனுக்கு மாற்றல் கேட்டுப் போனார். ஓய்வு பெறும்வரை கோடையிலும் முழுக்கைச் சட்டைதான் போட்டார். 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் பென்டாகுளோரோஃபீனாலை, ஒழிக்கவேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது எனக்கு அந்த முழுக்கைச் சட்டைதான் ஞாபகம் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

எங்கள் மருந்துக்கெல்லாம் முடிவு கட்டியது மருந்தல்ல, வேறு நூல். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரும் டெரிலீன் என்ற பாலியெஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். ஐம்பதுகளில் படகுப்பாய்கள் பாலியெஸ்டருக்கு மாறத் தொடங்கின. கூரைத்துணிக்கு வந்தது அக்ரிலிக். 1961-இல் அமெரிக்காவின் கிளென் ரேவன் நிறுவனம் 'சன்பிரெல்லா' என்ற துணியை அறிமுகப்படுத்தியது. நூலாக இழுப்பதற்கு முன், கூழாக இருக்கும்போதே நிறத்தைக் கலந்துவிடுவார்கள். நிறம் முள்ளங்கிபோல் மேலோடு நிற்காமல் காரட்போல் உள்வரை இருக்கும். அதனால் வெயிலில் சுலபமாக வெளுக்காது. இதில் செல்லுலோஸ் இல்லாததால் பூஞ்சையால் நூலைத் தின்ன முடியாது.

அப்படியானால் ஆலப்புழைப் படகில் கரும்புள்ளி எப்படி வந்தது? காலையில் படகுக்காரர் இதைத்தான் கேட்டார். நூலைத் தின்ன முடியாவிட்டாலும் நூல்மேல் படிந்த தூசி, சமையல் புகையின் எண்ணெய்ப்பசை, பறவை எச்சம், விருந்தாளிகளின் வியர்வை எல்லாம் அதற்குத் தீனிதான். ஆக, பழைய கஞ்சிக் கதையேதான்! தீனியை எடுத்துவிட்டால் நஞ்சுக்கு வேலை குறைவு.

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் துணி எதுவென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓரத்தில் பிரிந்த ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தால் போதும். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் உருகிக் கட்டிதட்டும். பூசணம் காய்ந்திருக்கும்போது மென்மையான பிரஷ்ஷால், படகுக்கு வெளியே வைத்துத் தட்டி எடுக்க வேண்டும். உள்ளே தட்டினால் வித்து மெத்தைக்குப் போய்ச் சேரும். மூக்கில் மாஸ்க் கட்டாயம்.

சாயத்தைக் கூழிலேயே கலந்த அக்ரிலிக் துணி என்றால், சுமார் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் திரவ பிளீச், கால் கப் மென்மையான சோப்பு. துணியில் நனையத் தெளித்து, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, ஸ்பாஞ்சால் துடைத்து, பிளீச் வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெயிலும் காற்றும்பட உலர்த்த வேண்டும். இப்படிக் கழுவினால் தண்ணீர் ஒட்டாத பூச்சு குறைந்துபோகும். அதைத் திரும்ப அடிக்க வேண்டும். சாதாரணச் சாயம் போட்ட பருத்திக்கோ நைலானுக்கோ இந்த வைத்தியம் ஆகாது. சாயம் போகும், நூலும் கெடும். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீரும் வெயிலும்தான். பிளீச்சோடு வினிகரையோ அம்மோனியா கலந்த எதையுமோ சேர்க்கவே கூடாது. நச்சுவாயு கிளம்பும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். ஈரமாக மடிக்கக் கூடாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; கடல்நீர் பட்ட துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் காயவைத்துப் பயனில்லை. திண்டுகளைப் படுக்கப் போடாமல், இருபுறமும் காற்றுப்பட நிறுத்தி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் படகை அடைத்துப் போடாமல், சாரல் விழாத பக்கம் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் போக வழிவிட வேண்டும். மழை விட்டால் எல்லாவற்றையும் விரித்துவிட வேண்டும். 200 வருடத்துக்கு முன் கப்பல் மாலுமி செய்த அதே வேலை.

படகுக்காரர் உற்சாகமாகப் பையனைக் கூப்பிட்டு உடனே பிளீச் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். பதினெட்டு வயதிருக்கும் அந்தப் பையனுக்கு. வெறுங்கையோடு மூடியைத் திருகத் தொடங்கினான்.

"தம்பி, நில்லு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. மருமகள்கூடத் திரும்பிப் பார்த்தாள். கரையில் இருந்த கடையில் ரப்பர் கையுறை கிடைத்தது. இரண்டு ஜோடி வாங்கிவந்து கொடுத்தேன். "ஒரு தடவைக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்று படகுக்காரர் சிரித்தார். பையன் மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மத்தியானம் மழை விட்டிருந்தது. கூரைத்துணியைக் கழற்றிக் கரையில் இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். புள்ளிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. பேத்தி பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்போ நல்லாருக்கு தாத்தா" என்றாள்.